மூன்றாம் படியில் காந்தி

எங்கள் வீட்டுக் கொலுவில் காந்தி எந்தப் படியில் இருப்பது என்பதற்காக, 1947 நவராத்திரியில் என் பாட்டியும் அம்மாவும் ஒன்பது நாள் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளவில்லை. அந்த வருஷம்தான் அம்மா கல்யாணமாகி மயிலாப்பூருக்கு வந்தாள். புகுந்த வீட்டில் அவளுக்கு முதல் கொலு. சீர்ப் பாத்திரங்களோடு அவள் கொண்டுவந்த மரப்பெட்டியில், பழம்புடவைத் துணியில் சுற்றிய ஒரு மண் வில்லை இருந்தது. உள்ளங்கை அகலம், வட்டம், மேலே ஆணியில் மாட்ட ஒரு துளை. நடுவில் பக்கவாட்டாகக் காந்தியின் தலை.

அம்மாவின் பிறந்த வீடு தி. நகர். 1946 ஜனவரியில் தட்சிண பாரத இந்திப் பிரசார சபையின் வெள்ளிவிழாவுக்குக் காந்தி அங்கே வந்து தங்கினார். அம்மாவுக்கு அப்போது பத்தொன்பது வயது. பிரார்த்தனைக் கூட்டத்துக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில், பனகல் பார்க் பக்கம் கூடையில் வைத்து விற்றவரிடம் நாலணா கொடுத்து அந்த வில்லையை வாங்கினாளாம். காந்தியை நேரில் எவ்வளவு நேரம் பார்த்தாள் என்று கேட்டால், "பார்த்தேனா என்ன, ஒரே தலை, தலைக்கு மேல தலை. அதான் இதை வாங்கிண்டு வந்தேன்" என்பாள்.

பாட்டியின் கட்சி எளிமையானது. "உசுரோட இருக்கற மனுஷாளைப் படியில வைக்கப்படாது." செட்டியார் பொம்மை இருக்கிறதே, பாம்பாட்டி இருக்கிறானே என்று அம்மா கேட்டிருக்கிறாள். அவர்களுக்குப் பேர் கிடையாது, இவருக்குப் பேர் இருக்கிறது என்று பதில் வந்தது. யோசித்துப் பார்த்தால் பாட்டி சொன்னது லேசான விஷயம் இல்லை. கடைசியில் காந்தி வில்லை படியில் ஏறவில்லை. கீழே தரையில் முளைப்பாரி விட்டுக் கட்டிய பார்க்கில், கண்ணாடிக் குளத்துக்குப் பக்கத்தில் சாய்ந்து நின்றது.

1948 ஜனவரி 30-க்குப் பிறகு வந்த நவராத்திரியில் பாட்டியே அதை எடுத்து மூன்றாம் படியில், ஆண்டாளுக்கும் துளசிதாசருக்கும் நடுவில் வைத்தாள். யாரும் எதுவும் பேசவில்லை என்று அம்மா சொல்லுவாள். அன்றிலிருந்து அது அங்கேதான்.

இந்தக் கதையை இப்போது எடுக்கக் காரணம், நான் மயிலாப்பூர் வீட்டை விட்டு அடையாறில் ஒரு ஃப்ளாட்டுக்கு வந்துவிட்டேன். ஒன்பது படி ஐந்தாகிவிட்டது. பரண் என்று ஒன்று கிடையாது. "பாதிப் பொம்மையை யாருக்காவது குடுத்துடலாமே அம்மா" என்கிறான் மகன். என்னோடு நடைப்பயிற்சிக்கு வரும் பெண்கள் பலரும் இதே நிலையில்தான் இருக்கிறார்கள். ஒருத்தி இரண்டு அட்டைப்பெட்டி நிறையப் பொம்மைகளைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டாள். அதில் குண்டு கன்னத்தோடு ஒரு நேருவும், ராணுவத் தொப்பியோடு ஒரு நேதாஜியும் போயின. போனால் போகட்டும் என்று எனக்கு விட மனசில்லை. நான் சொல்ல வருவது இதுதான்: நம் வீடுகளில் இருக்கும் இந்த மண் தலைவர்கள் நம்முடைய அரசியல் சரித்திரத்தின் ஆவணங்கள். சாலை முனைகளில் நிற்கும் வெண்கலங்களைவிட நம்பகமானவை என்றுகூடச் சொல்வேன்.

வெண்கலச் சிலையை வைப்பது யார்? அரசாங்கம், கட்சி, கமிட்டி. வில்லையை வாங்குவது யார்? கூட்டத்திலிருந்து நடந்து வரும் பத்தொன்பது வயதுப் பெண், தன் கையில் இருந்த நாலணாவில். அதை எங்கே வைப்பது என்று முடிவு செய்வது மாமியாரும் மருமகளும். வாக்குரிமை அவர்கள் கைக்கு வருவதற்கு முன்பே அவர்கள் போட்ட ஓட்டு அது.

உலகத்தில் இது புதுசும் இல்லை. பெஞ்சமின் பிராங்க்ளின் 1776 டிசம்பரில், அமெரிக்கச் சுதந்திரப் போருக்கு உதவி கேட்டுப் பிரான்ஸ் போய் இறங்கினார். பவுடர் பூசிய பொய்முடி வைத்த பிரபுக்கள் நடுவில், மென்மயிர்த் தொப்பி ஒன்றைத் தலையில் மாட்டிக்கொண்டு வளைய வந்தார். லுவார் நதிக்கரையில் ஷோமோன் என்ற ஊர்க் கோட்டையில், நினி என்ற இத்தாலியக் கலைஞர் மண் வில்லைகள் வார்த்துக்கொண்டிருந்தார். 1777-ல் அவர் தொப்பி போட்ட பிராங்க்ளினைச் சுடுமண்ணில் வார்த்தார். அதுவும் உள்ளங்கை அளவு, அதுவும் பக்கவாட்டு முகம். ஓரத்தில் பெயரும் அமெரிக்கன் என்ற ஒரு சொல்லும். தோள் வெட்டிய இடத்தில் நினியின் பெயரும் ஆண்டும். விற்றுத் தீர்ந்தது. பிறகு அதைப் பார்த்து ஆளாளுக்கு வார்த்தார்கள்.

1779 ஜூன் 3-ஆம் தேதி பிராங்க்ளின் மகளுக்கு எழுதிய கடிதத்தில் இதைச் சொல்லிச் சிரிக்கிறார். பொடி டப்பா மூடியில் பதிக்க ஒரு அளவு, மோதிரத்தில் வைக்க ஒரு அளவு என்று விதவிதமாக வந்துவிட்டதாம். அப்பாவின் முகம் இந்த ஊரில் நிலாவைப் போல எல்லோருக்கும் தெரிந்த முகமாகிவிட்டது, இனி ஏதாவது செய்துவிட்டு ஓடி ஒளியக்கூட முடியாது என்கிறார். அதோடு ஒரு சிலேடையும் செய்கிறார். ஆங்கிலத்தில் பொம்மைக்கு டால், விக்கிரகத்துக்கு ஐடல். என்னைப் போல இத்தனை டால் செய்துவிட்டார்கள், அந்த அர்த்தத்தில் நான் ஐடல் ஆகிவிட்டேன் என்று எழுதுகிறார். என் பாட்டியும் அம்மாவும் ஒன்பது நாள் பேசாமல் இருந்ததும் இந்த டாலுக்கும் ஐடலுக்கும் நடுவில் உள்ள வித்தியாசத்துக்காகத்தான்.

பிரெஞ்சு ராஜா பதினாறாம் லூயிக்கு இந்த மோகம் பிடிக்கவில்லை. தியான் தெ போலினாக் என்ற பிரபுகுலப் பெண்மணி எந்நேரமும் பிராங்க்ளின் புகழ் பாடுவதைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், அவளுக்கு செவ்ர் பீங்கான் ஆலையிலிருந்து ஒரு மூத்திரச் சட்டி வரவழைத்துப் பரிசு கொடுத்தாராம். உள்ளே அடியில் பிராங்க்ளின் வில்லை. ராணியின் தோழி மதாம் காம்பான் தன் நினைவுக்குறிப்புகளில் இதை எழுதியிருக்கிறார். நம் ஊரிலோ காம்பவுண்டுச் சுவரில் யாரும் ஒன்றுக்குப் போகாமலிருக்க முருகன், ஏசு, மெக்கா படம் போட்ட டைல்ஸ் பதிக்கிறோம். சுட்ட மண்ணில் ஒரு முகம் வந்துவிட்டால் அதன்மேல் எது விழலாம், எது விழக்கூடாது என்ற கேள்வி ராஜாவுக்கும் உண்டு, காம்பவுண்டு வீட்டுக்காரருக்கும் உண்டு.

இங்கிலாந்தில் மண்பாண்ட ஆலை நடத்திய ஜோசையா வெட்ஜ்வுட் 1787-ல் அடிமை ஒழிப்புக்காக ஒரு வில்லை வார்த்தார். வெள்ளைத் தளத்தில், சங்கிலி பூட்டிய கறுப்பு மனிதர் மண்டியிட்டு, நானும் மனிதன் இல்லையா, சகோதரன் இல்லையா என்று கேட்கிறார். வெட்ஜ்வுட் அவற்றை விற்காமல் இலவசமாக அனுப்பிவைத்தார். வாங்கியவர்கள் தங்கள் காசில் தங்கக் கட்டு போட்டுக்கொண்டார்கள். பெண்கள் வளையலில் பதித்தார்கள், கொண்டை ஊசியில் வைத்தார்கள். பிலடெல்பியாவில் கிழவராகிவிட்ட பிராங்க்ளினுக்கும் ஒரு பொட்டலம் போனது. நன்றாக எழுதிய துண்டுப் பிரசுரம் செய்யும் வேலையை இது செய்யும் என்று பதில் எழுதினார். மண்ணில் தன் முகத்தைப் பார்த்துப் பழகியவருக்குத் தெரிந்திருக்கும். ஆனால் இந்த வில்லையில் எனக்கு ஒரு குறை உண்டு. பிராங்க்ளினுக்குப் பெயர் இருக்கிறது, மண்டியிட்டவருக்கு இல்லை. பாட்டி சொன்ன பாம்பாட்டியின் வரிசையில் அவரை நிறுத்திவிட்டார்கள்.

என் வில்லைக்கு வருகிறேன். பகல் வெளிச்சத்தில் ஜன்னல் பக்கம் வைத்துப் பார்த்தால் பல விஷயம் தெரிகிறது. காந்தியின் தோளில் துணி கிடையாது. 1921 செப்டம்பர் 22-ல் மதுரை மேலமாசி வீதி வீட்டில் அவர் சட்டையையும் தொப்பியையும் விட்டு அரையாடைக்கு மாறினார். 1915-ல் சென்னைக்கு வந்த காந்திக்குக் கத்தியவார் முண்டாசு. அந்தக் காந்தியை மண்ணில் வார்த்தால் இன்றைக்கு யாருக்கும் அடையாளம் தெரியாது. பிராங்க்ளினுக்கு ஒரு தொப்பி, காந்திக்குத் தொப்பி இல்லாத மொட்டைத் தலை. இரண்டு பேருமே மண் வேலை செய்பவனுக்கு வேலையை எளிதாக்கிக் கொடுத்தவர்கள்.

இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் கொசப்பேட்டையில் பொம்மை செய்பவர். குயவர் பேட்டைதான் பேச்சு வழக்கில் கொசப்பேட்டை ஆனது. வடக்கு மாட வீதி நடைபாதையில் நவராத்திரிக்குக் கடை போடும் ஒரு அம்மாள் அவரிடம் அனுப்பிவைத்தார். குறுகலான சந்து. இரு பக்கமும் பிள்ளையார்கள் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தார்கள். என் வில்லையைக் கையில் வாங்கிப் புரட்டியவர் முதலில் பார்த்தது முகத்தை அல்ல, முதுகை.

"அம்மா, இது அச்சுலருந்து எடுத்த பொம்மைய வச்சு மறுபடி அச்சு எடுத்தது" என்றார். எப்படித் தெரியும் என்றேன். களிமண் காயும்போதும் சுடும்போதும் ஏறக்குறைய பத்துக்கு ஒரு பங்கு சுருங்கும். சுட்ட பொம்மையை மாதிரியாக வைத்து அச்சு எடுத்தால் அடுத்தது இன்னும் சின்னதாக வரும், ஓரங்களும் மழுங்கும். அதிலிருந்து இன்னொரு அச்சு எடுத்தால் மூக்கே போய்விடும். என் காந்திக்கு மூக்கு பாதிதான் இருக்கிறது. அதற்கு எழுபது வருஷப் பழசு காரணம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் சொன்னதிலிருந்துதான் புரிந்தது: அம்மா கைக்கு வரும்போதே அது நகலுக்கு நகல். அவ்வளவு பேர் கேட்டிருக்கிறார்கள், அவ்வளவு பேர் வார்த்திருக்கிறார்கள்.

"அதனாலதான் மூஞ்சிய நம்பக்கூடாது. கண்ணாடி, மொட்டை, மீசை, தாடி, துண்டு, இதுல ஒண்ணு இருந்தாத்தான் ஆளு நிப்பாரு" என்றார். முண்டாசும் மீசையும் வந்துவிட்டால் பாரதி. இரு பக்கம் வாரி விட்ட நரைமுடி வந்துவிட்டால் அப்துல் கலாம். ஒன்றும் இல்லாத, சாதாரணமாகக் கிராப்பு வைத்த தலைவர்களைச் செய்வதுதான் கஷ்டமாம். அவர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டிய விஷயம்.

வில்லையின் பின்பக்கத்தில் ஒரு கட்டைவிரல் ரேகை பதிந்திருக்கிறது. மண்ணை அச்சுக்குள் அழுத்தும்போது விழுந்தது. நடுவில் ஆழமாக, ஓரத்தில் மேலாக, ரேகைகள் இன்னும் எண்ணும்படி இருக்கின்றன. வலது கை. நினி தன் பெயரையும் வருஷத்தையும் தோளில் வெட்டினார். நம்மவர் விரலை வைத்தார். அவ்வளவுதான் கையெழுத்து.

முன்பக்கத்தைப் பற்றிச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. சில வருஷம் முன்பு, வண்ணம் உதிர்கிறதே என்று பழைய பொம்மைகளைப் புதுசாக்கித் தருகிறோம் என்ற ஒரு இடத்தில் கொடுத்தேன். எனாமல் பெயின்ட் அடித்துப் பளபளவென்று திருப்பிக் கொடுத்தார்கள். பழுப்புக் காவியும் சுண்ணாம்பு வெள்ளையுமாக இருந்த காந்திக்கு ரோஸ் நிறக் கன்னமும் சிவந்த உதடும். நவராத்திரி முழுக்க அவர் ஏதோ நாடகத்துக்கு வேஷம் கட்டியதுபோல உட்கார்ந்திருந்தார். டர்பன்டைன் தொட்டுத் துடைத்துப் பார்த்ததில் காதோரம் பழைய காவியும் சேர்ந்து வந்துவிட்டது. அதோடு நிறுத்திவிட்டேன்.

மண் பொம்மை எப்போது பொம்மை, எப்போது சாமி என்று நம் நாட்டு உச்ச நீதிமன்றமே தலையைப் பிய்த்துக்கொண்ட வழக்கு ஒன்று உண்டு. 1953 மே 27-ல் திருச்சி டவுன்ஹால் மைதானத்தில் பெரியார் மண் பிள்ளையாரைப் பகிரங்கமாக உடைத்தார். வீரபத்திரன் செட்டியார் என்பவர் வழக்குப் போட்டார். கோயிலில் இல்லாத, பிரதிஷ்டை செய்யாத வெறும் மண் உருவம்தானே என்று கீழ்க் கோர்ட்டுகளும் சென்னை உயர் நீதிமன்றமும் தள்ளுபடி செய்தன. 1958 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், அப்படிக் குறுக்கிச் சட்டத்தைப் படிக்கக் கூடாது, ஒரு சாரார் புனிதமாகக் கருதினால் அது புனிதப் பொருள்தான் என்றது. ஆனால் ஐந்து வருஷம் ஓடிவிட்டதால் மேல் விசாரணை வேண்டாம் என்று முடித்துவைத்தது. இரண்டு பக்கமும் தாங்கள் ஜெயித்ததாகச் சொல்லிக்கொள்ளலாம். எனக்கு இதில் சுவாரசியம், பெரியார் உடைக்கத் தேர்ந்தெடுத்ததும் களிமண்ணைத்தான் என்பது. ஆளுக்கு ஒன்று வாங்கலாம், ஆளுக்கு ஒன்று உடைக்கலாம் என்ற அளவுக்கு மலிவான பொருளில்தான் ஒரு காலத்தின் சண்டை முழுசாக நடக்கும். பாரிஸிலும் அப்படித்தான். பிரெஞ்சுப் புரட்சியின் தியாகி என்று மாராவின் உருவத்தை எங்கும் வைத்தவர்கள், காற்று திசை மாறியதும் 1795 பிப்ரவரியில் அவற்றை உடைத்துச் சாக்கடையில் போட்டார்கள்.

எங்கள் படியில் பெரியார் கிடையாது. இருந்தால் அவருக்கே சிரிப்பு வந்திருக்கும். ஆனால் அம்பேத்கரும் கிடையாது என்பதை நான் ஐம்பது வயதுக்கு மேல்தான் கவனித்தேன். காந்திக்கு, நேருவுக்கு, நேதாஜிக்கு, பாரதிக்கு இடம் இருந்த படியில் அவர் ஏன் இல்லை என்று பாட்டியோ அம்மாவோ கேட்டுக்கொண்டதில்லை. நானும் கேட்டதில்லை. கொலுப் படி ஆவணம் என்று சொன்னேனே, இல்லாதவர்களையும் அது காட்டிக்கொடுக்கும். மாட வீதிக் கடை அம்மாளிடம் கேட்டேன். "வருஷத்துக்கு ரெண்டு பேர் கேட்டா பெருசு. சொன்னீங்கன்னா செஞ்சு வாங்கித் தரேன்" என்றார். கொசப்பேட்டைக்காரர்தான் செய்தார். கண்ணாடி, கோட்டு, கையில் புத்தகம். "கோட்டு வந்துட்டா அண்ணல் வந்துட்டாரு" என்று சிரித்தார். மூன்றாம் படியில் காந்திக்குப் பக்கத்திலேயே வைத்தேன். இரண்டு பேரும் நேரில் அவ்வளவு ஒத்துப்போனவர்கள் இல்லை. ஆனாலும் எங்கள் ஐந்து படியில் வேறு இடம் இல்லை. பார்க்க வந்தவர்களில் ஒருத்தி சுண்டலை வாங்கிக்கொண்டு ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனாள். பாட்டி காலத்து மௌனத்தை மறுபடி பார்த்தேன்.

இப்போதும் தலைவர்கள் முகம் வீட்டுக்குள் வருகிறது, நிறையவே வருகிறது. மடிக்கணினியில் வந்தது, தண்ணீர் பாட்டிலில் வந்தது, பள்ளிக்கூடப் பையில் வந்தது. 2021-ல் ஆட்சி மாறியபோது முந்தைய முதல்வர்களின் படம் அச்சிட்ட பைகள் மூட்டை மூட்டையாக இருந்தன. வீணாக்காமல் அப்படியே பிள்ளைகளுக்குக் கொடுக்கச் சொன்னது புதிய அரசு. நல்ல முடிவு என்று பாராட்டினேன், இப்போதும் பாராட்டுகிறேன். ஆனால் அந்த முகத்தை யாரும் கடையில் கேட்டு வாங்கவில்லை. பையோடு வந்தது, பை கிழிந்ததும் போய்விடும். என் வில்லையை யாரும் அம்மாவுக்கு இலவசமாகக் கொடுக்கவில்லை.

எனக்குச் சில கோரிக்கைகள் உண்டு. மவுண்ட் ரோட்டில் நின்ற நீல் துரை சிலையை அகற்றச் சொல்லி 1927-ல் இளைஞர்கள் சத்தியாக்கிரகம் செய்து ஜெயிலுக்குப் போனார்கள். 1857 எழுச்சியை அடக்கும்போது அந்த வெள்ளைக்காரத் தளபதி ஆடிய கொடூரத்துக்காக அந்தக் கோபம். 1937-ல் ராஜாஜி மந்திரிசபை வந்த பிறகுதான் சிலை நகர்ந்தது. எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்கு அனுப்பினார்கள். நீலுக்கு எழும்பூரில் இடம் கொடுத்தோம். அவனை நகர்த்திய காலத்தின் மண் காந்திகளுக்கும் நேதாஜிகளுக்கும் பாரத மாதாக்களுக்கும் அங்கே ஒரு கண்ணாடி அலமாரி கொடுங்கள். கொடுக்க ஆள் இருக்கிறோம். மயிலாப்பூரிலும் மாம்பலத்திலும் கேட்டாலே ஒரு வேன் நிறையும்.

அரசின் கைவினைப் பொருள் நிறுவனமான பூம்புகார் ஆண்டுதோறும் கொலுக் கண்காட்சி வைக்கிறது. விளாச்சேரி, பண்ருட்டி, வண்டிப்பாளையம், கொசப்பேட்டை என்று எங்கிருந்து வந்த பொம்மையானாலும், செய்தவர் பெயரையும் ஊரையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அடியில் ஒட்டட்டும். கொசப்பேட்டைக்காரர் என்னிடம் சொன்னது: "சூளை போட்டா புகைன்னு அக்கம்பக்கத்துல சண்டை. சுட்டது வெளியூர்லேந்து வருது, நான் கலர் குடுக்கறேன். எம் பேரு எதுக்கும்மா?" அதனால்தான் கேட்கிறேன், இரண்டு பேர் பெயரும் இருக்கட்டும்.

மற்றது நம் கையில் இருக்கிறது. இந்த வருஷம் பெட்டியை இறக்கும்போது, யாருக்காவது கொடுக்கும் முன், தலைவர் பொம்மைகளை மட்டும் தனியாக எடுத்துத் திருப்பிப் பாருங்கள். முன்னும் பின்னும் ஒரு போட்டோ எடுங்கள். எந்த வருஷம், எந்தத் தெரு, யார் வாங்கியது, எத்தனை அணா என்று வீட்டில் பெரியவர் யாராவது சொல்லக்கூடிய நிலையில் இருந்தால், இன்றைக்கே கேட்டு எழுதி வையுங்கள். எனாமல் அடிக்கக் கொடுக்காதீர்கள்.